மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா? அரசுப் பள்ளிகளை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

பதிவு 1. முக்கூடல் பெற்றோர்

அனைவருக்கும் வணக்கம். முக்கூடலுக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். சென்ற வாரம் பக்கத்து வீட்டில் நான் கண்டதை எழுதினால்தான் என் கேள்வி உங்களுக்குப் புரியும்.

அந்த வீட்டம்மாள் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகள், சுற்றி முடித்த கட்டுகளை அடுக்கினாள். கட்டுக்கு 25 பீடி. "முப்பத்தேழு கட்டு இருக்கும்மா, ஆயிரத்துக்கு இன்னும் எழுபத்தஞ்சு வேணும்" என்று அவள் விரலை மடக்காமலே சொன்னாள். அத்தனை வேகமான கணக்கு. அருகில் கிடந்த அவளுடைய தமிழ்ப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். "கொக்கு" என்ற சொல்லில் முதலில் வந்த ஒற்றைக் கொம்பையும் ககரத்தையும் பார்த்து "கெ" என்றாள். பின்னால் வந்த துணைக்காலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டாள். அடுத்த வரியில் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொன்னாள். படம் இருந்த பக்கத்தில் ஊகம் சரியாக இருந்தது. படம் இல்லாத பக்கத்தில் வாயே திறக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஐந்து ஆண்டுகள் நாள் தவறாமல் பள்ளிக்குப் போயிருக்கிறாள். இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. நாட்டின் ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் அசர் ஆய்வின்படி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018-ல் 27.3 விழுக்காடு. கொரோனாவுக்குப் பின் 2022-ல் அது 20.5 விழுக்காடாகச் சரிந்து, 2024-ல் 27.1-க்குத் திரும்பியிருக்கிறது. மீண்டுவிட்டோம் என்று மகிழலாம்தான். ஆனால் மீண்டு வந்து சேர்ந்த இடமே நான்கில் ஒரு பிள்ளை மட்டும் வாசிக்கிற இடம் என்பதை எண்ணும்போது எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் குழுக் கூட்டங்களில் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர்த் தொட்டி பற்றிப் பேசுகிறோம். அவை தேவைதான். ஆனால், மூன்றாம் வகுப்பில் உள்ள ஒன்பது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும் என்று நான் உட்பட ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. அரசுப் பள்ளியைச் சரிசெய்வது என்றால் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஆசிரியர்களும் அனுபவம் உள்ளவர்களும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பதிவு 2. வள்ளியூர் வாசகர்

அண்ணாச்சி, நான் மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். என் மகனை இரண்டாம் வகுப்பிலேயே அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து, வேன் வந்து ஏற்றிச் செல்லும் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டேன். கடன் வாங்கித்தான் கட்டணம் கட்டுகிறேன். அங்கும் அவனுக்கு ஆங்கிலம் வாசிக்க வரவில்லை, இப்போது தமிழும் தடுமாறுகிறது. ஆனாலும் தேர்வு வைக்கிறார்கள், நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் திருத்துகிறார்கள். ஏதோ நடக்கிறது என்ற நம்பிக்கை எங்களுக்கு வருகிறது. அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி என்று ஆக்கியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஐந்தாம் வகுப்பில் ஒரு தேர்வு வைத்து, படிக்காத பிள்ளையை நிறுத்தி வைத்தால் பெற்றோரும் கவனிப்பார்கள், ஆசிரியரும் கவனிப்பார்.

பதிவு 3. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அம்பாசமுத்திரம் வட்டாரம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த வட்டாரத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனிடம், பள்ளிக்கூடம் போகவில்லையா என்று காமராஜர் கேட்டதாகவும், போனால் சோறு நீங்கள் போடுவீர்களா என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் நம் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். 1956-ல் அன்றைய நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தை அவர் தொடங்கி வைத்தார். 1982-ல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. பிள்ளையைப் பள்ளி வாசலுக்குள் கொண்டுவரும் போராட்டத்தில் நம் மாநிலம் வென்றுவிட்டது. ஆனால் வாசலுக்குள் வந்த பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்ற இரண்டாவது கேள்வியை நாம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம்.

அதற்கும் முயற்சிகள் நடக்காமலில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-ல் மாநிலம் முழுதும் வந்தது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுதுவதற்காகக் கரும்பலகை அமைத்தோம். ஏணிப்படிப் பட்டியலும் அட்டைகளும் வந்தன. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஒரு படியை முடித்து அடுத்த படிக்குப் போகும். அந்த முறையை ஆசிரியர்கள் உண்மையில் புரிந்துகொள்ளவே மூன்று ஆண்டுகள் ஆயின. புரிந்துகொண்டு செய்த வகுப்பறைகளில் பலன் கிடைத்ததைக் கண்ணால் பார்த்தேன். பிறகு மதிப்பீட்டு முறை மாறியது, பாடநூல் மாறியது, பயிற்சி மாறியது. அட்டைகள் கிழிந்தபோது புது அட்டை வரவில்லை. இன்று பல பள்ளிகளில் அந்தத் தாழ்வான கரும்பலகைக்கு முன்னால் பீரோ நிற்கிறது. 2022-ல், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதுவும் நல்ல திட்டமே. ஒரு திட்டம் வேர் பிடிக்கும் முன் அடுத்ததை நட்டால் எந்தப் பயிரும் நிற்காது என்பதுதான் என் கவலை.

வள்ளியூர் நண்பருக்கு ஒரு பதில். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 2019-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஐந்திலும் எட்டிலும் பிள்ளைகளை நிறுத்தி வைக்கலாமா என்பதை அந்தந்த அரசே முடிவு செய்யலாம். ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளுக்கு அதை நடைமுறைப்படுத்தியது. தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி என்ற நிலையிலேயே நிற்கிறது. தேர்ச்சி தராமல் நிறுத்தி வைத்த காலத்திலும் நான் வேலை பார்த்தேன். நிறுத்தி வைக்கப்பட்ட பிள்ளை அதே வகுப்பில், அதே பாடத்தை, அதே முறையில் இன்னொரு முறை கேட்டது. இரண்டாவது ஆண்டு பாதியில் ஆடு மேய்க்கவோ பீடிக் கட்டை எடுக்கவோ போய்விட்டது. எந்த எழுத்தில் பிள்ளை நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் வகுப்பை மட்டும் நிறுத்தினால், குற்றத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றியதாகவே ஆகும்.

பதிவு 4. இடைநிலை ஆசிரியை

நான் இப்போது பணியில் இருக்கிறேன். ஊரையும் ஒன்றியத்தையும் சொல்லவில்லை. எங்களுடையது ஈராசிரியர் பள்ளி, 31 பிள்ளைகள், ஐந்து வகுப்புகள். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும் என்பதால் காகிதத்தில் குறை எதுவும் இல்லை. ஆனால் தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ மாற்றுப்பணிக்கோ போகும் நாட்களில், ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துக்கொண்டு நான் ஒருத்திதான் நிற்கிறேன்.

காலை உணவு சரியாகப் பரிமாறப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பிறகு செயலியில் வருகைப் பதிவு. எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்க வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் தகவல் இணையதளத்தில் சீருடை, புத்தகம், வங்கிக் கணக்கு, ஆதார் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் நிரப்ப வேண்டியவை. நடுவில் தொலைபேசி வரும்: இந்தப் படிவம் இன்றைக்குள் வேண்டும், அந்தப் புகைப்படம் மதியத்துக்குள் வேண்டும். தேர்தல் ஆண்டில் வாக்காளர் பட்டியல் வேலையும் சேரும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி நேரம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த 800 மணியில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அது வாசிப்பதை நான் காதால் கேட்ட நேரம் எவ்வளவு என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பழி முழுவதையும் மேலே தள்ளிவிட்டுத் தப்பிக்க நான் விரும்பவில்லை. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எழுத்துக்கூட்டவே அவனுக்கு நேரமாகும். அதிகாரி வருகிற நாளில் அவனைப் பின்வரிசையில் உட்கார வைத்தேன். நன்றாக வாசிக்கும் பெண்ணை முன்னால் வைத்தேன். ஒரு நாள் செய்தது பழக்கமாகிவிட்டது. அந்த ஆண்டு முழுதும் அவன் பின்வரிசையிலேயே இருந்தான். ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போனவன், தைக்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

முக்கூடல் அண்ணாச்சி, உங்கள் குழு எங்களிடம் வாசிப்பைப் பற்றிக் கேட்கட்டும்; நான் வரவேற்கிறேன். கேட்கும்போது, டீச்சருக்குக் காலையில் முதல் இரண்டு மணி நேரம் தொலைபேசியோ படிவமோ கூடாது என்றும் சேர்த்துத் தீர்மானம் போடுங்கள். ஆசிரியர் சொன்னால் அது சாக்கு. பெற்றோர் சொன்னால் அது கோரிக்கை.

பதிவு 5. தென்காசிச் சாரல்

31 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, பக்கத்து ஊரில் 14 பிள்ளைகளுக்கு இன்னொரு பள்ளி என்று பிரித்து வைத்துக்கொண்டு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கேட்டால் எந்த அரசாலும் முடியாது. நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் மட்டுமே ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. மூன்று நான்கு பள்ளிகளை ஒன்றாக்கி, ஐந்து ஆசிரியர்களை அமர்த்தி, பிள்ளைகளுக்கு வண்டி விட்டால் என்ன?

பதிவு 6. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அம்பாசமுத்திரம் வட்டாரம்

சமவெளியில் அருகருகே உள்ள ஊர்களில் அதை யோசிக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாபநாசத்துக்கு மேலே மலையில் உள்ள காணிப் பழங்குடிக் குடியிருப்புகளின் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். மழைக் காலத்தில் அந்தப் பாதையில் எந்த வண்டி போகும்? மலையில் மட்டுமல்ல, ஊரிலும் ஆறு வயதுப் பெண்பிள்ளையை அடுத்த ஊருக்கு அனுப்பத் தயங்கும் தாய்மார் பலர். கூப்பிடு தூரத்தில் பள்ளி இருந்ததால்தான் நம் பாட்டிமாருக்குப் பின் வந்த தலைமுறை படித்தது. இணைத்த பிறகு வண்டி ஓராண்டு ஓடி நின்றுவிட்டால் பள்ளியும் இருக்காது, வண்டியும் இருக்காது. இதில் உங்களோடு நான் உடன்பட முடியவில்லை, தம்பி.

பதிவு 7. இல்லம் தேடித் தன்னார்வலர்

நான் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, 2021 இறுதியில், கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட ஊரிலேயே மாலை வகுப்பு நடத்தும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய். அம்மன் கோயில் மண்டபத்தில் மாலையில் ஒன்றரை மணி நேரம். பத்தொன்பது பிள்ளைகள் வந்தார்கள்.

முதல் வாரம் நான் செய்த தவறு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தை நடத்தியது. பிள்ளைகள் என் வாயைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார்கள், புத்தகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் வகுப்பை மறந்துவிட்டு, எழுத்து தெரியாதவர்கள், சொல் வரை வருபவர்கள், வாக்கியம் வாசிப்பவர்கள் என்று மூன்று வட்டமாக உட்கார வைத்தேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் வகுப்புத் தம்பியோடு உட்கார நேர்ந்தது. வெட்கப்படுவானோ என்று பயந்தேன். தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை அவனுக்கே கொடுத்தேன்; சொல்லிக் கொடுத்தே அவனும் கற்றுக்கொண்டான். முக்கூடல் அண்ணாச்சி எழுதிய ஒற்றைக் கொம்புச் சிக்கல் எங்கள் மண்டபத்திலும் இருந்தது. கெ, கே, கை என்று மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பழக்கிவிட்டு, அவை உறுதியான பிறகே கொ, கோ பக்கம் போனோம். அதற்கு எனக்கு இருபது நாள் ஆனது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிப்பதும் இதே அடிப்படையில்தான். இது வெறும் என் அனுபவம் மட்டுமல்ல. பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடன் பணியாற்றியவர்களும் தமிழகக் கிராமங்களில் பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்துப் பார்த்த ஆய்வில், பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் கொரோனாக் கால இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டதாகவும், அந்த மீட்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்ததாகவும் கண்டார்கள். ஊரிலேயே இருக்கும் ஒரு பெண், தெரிந்த பிள்ளைகள், தினமும் ஒன்றரை மணி நேரம். இவ்வளவுதான் அதில் இருந்தது. பிறகு மையங்கள் குறைந்துவிட்டன. எங்கள் மண்டபத்திலும் இப்போது வகுப்பு இல்லை. மாலையில் என்னைக் கண்டால் பிள்ளைகள் இன்றும் "மிஸ், எப்ப வைப்பீங்க" என்று கேட்கிறார்கள்.

பதிவு 8. நாங்குநேரி வட்டாரத்திலிருந்து ஒருவர்

வாசிப்பைப் பற்றிய உரையாடலில் இதைச் சொல்வது தொடர்பில்லாதது போலத் தோன்றலாம். ஆனால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச என்னால் முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பட்டியலின மாணவனை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது.

கயிறு மேல்நிலைப் பள்ளியில்தான் கண்ணில் படுகிறது. யார் யாரோடு உட்காருவது என்பது அதற்கு வெகு முன்பே, தொடக்கப் பள்ளிப் பாயிலேயே முடிவாகிவிடுகிறது. வாசிக்கத் தடுமாறிய பையனைப் பின்வரிசையில் வைத்ததாக ஆசிரியை எழுதியிருக்கிறார். அதை நேர்மையாகச் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன். சில ஊர்களில் பின்வரிசை எந்தத் தெருப் பிள்ளைகளுக்கு என்பதும் எல்லோருக்கும் தெரியும். தன்னார்வலர் தங்கச்சி மூன்று வட்டம் போட்டாரே, அந்த வட்டம் வாசிப்பைப் பார்த்து அமைந்தது. தெருவைப் பார்த்து அல்ல. நான் அதை ஒரு பெரிய காரியமாகவே நினைக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. மாலை வகுப்பு கோயில் மண்டபத்தில் நடந்தால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உள்ளே வர முடியுமா? பள்ளிக் கட்டடத்திலேயே நடத்தினால் என்ன?

பதிவு 9. இல்லம் தேடித் தன்னார்வலர்

நீங்கள் கேட்டது சரி, அண்ணா. எங்கள் மண்டபத்துக்கு வராத பிள்ளைகள் நான்கு பேர் இருந்தார்கள். வீட்டில் வேலை இருக்கும் என்று நினைத்துவிட்டேன். இன்று உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் அவர்கள் எந்தத் தெரு என்று யோசித்தேன். அடுத்த முறை பள்ளிக்கூடத்தில்தான்.

பதிவு 10. பாளையங்கோட்டை வாசகர்

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். நாட்டு வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் 1966-லேயே சொன்னது. 1968, 1986, 2020 என்று மூன்று தேசியக் கல்விக் கொள்கைகள் அதைத் திரும்பச் சொல்லியும் இன்றுவரை எட்டவில்லை. ஒன்றிய அரசு நிதி தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்கு நம் மாநிலத்துக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய், அதே அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக நிறுத்தி வைக்கப்பட்டது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்று தனியே விவாதிக்கலாம். அந்தச் சண்டைக்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை இழுத்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுற்றுச்சுவர், கழிப்பறை என்று முதல் பதிவில் சற்று ஒதுக்கி எழுதியிருந்தீர்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்ததை இந்த ஊரில் இருக்கும் எங்களால் மறக்க முடியாது. வாசிப்பைக் கேளுங்கள்; சுவரைக் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள்.

பதிவு 11. வள்ளியூர் வாசகர்

தேர்வு வைத்து நிறுத்துவது பற்றி நான் இன்னும் முழுதாக மனம் மாறவில்லை, ஐயா. ஆனால் நேற்று இரவு என் மகனை உட்கார வைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். பக்கம் முடிய கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிவப்பு மையைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் மாலை வாசிப்பு தொடங்கினால், வேறு பள்ளியில் படிக்கும் பிள்ளை வரலாமா?

பதிவு 12. முக்கூடல் பெற்றோர்

வரலாம் என்றுதான் எங்கள் பள்ளியில் சொல்லப் போகிறோம். உங்கள் ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.

பாளையங்கோட்டை நண்பர் சொன்னது நியாயம். சுவரை ஒதுக்கி எழுதியது என் தவறு. இரண்டு நாட்களாக இந்தப் பதிவுகளைக் குழு உறுப்பினர்களுக்கு வாசித்துக் காட்டினேன். சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். எங்கள் குழுவில் பெரும்பாலோர் பீடி சுற்றும் தாய்மார்கள். "எங்களுக்கே வாசிக்க வராது, நாங்க எப்படிச் சோதிக்க" என்று ஒருவர் கேட்டார். பிள்ளை தடுமாறுகிறதா, ஓடுகிறதா என்பதைக் காதால் கேட்டாலே தெரியும் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "ஆமா, பாட்டு தப்பாப் படிச்சா தெரியுதுல்லா" என்றார்.

வரும் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை வைக்கிறோம். காலையில் முதல் இரண்டு மணி நேரம் ஆசிரியர்களை எதற்கும் அழைக்க வேண்டாம் என்று வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். மூன்றாம் வகுப்பின் ஒன்பது பிள்ளைகளையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, வராத பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டடத்திலேயே மாலை வகுப்பு தொடங்குகிறோம். அதற்கு ஊரில் பட்டம் படித்த இரண்டு பெண்கள் சம்மதித்துவிட்டார்கள். அவர்களுக்கு மாதம் ஏதாவது கொடுக்க, ஊர்க்கூட்டத்தில் கேட்டு வாங்குவதாக இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெண் ஐந்தாம் வகுப்பு என்றாலும், அவளையும் அந்த வகுப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

டீச்சர், வாசிக்கக் கொடுப்பதற்கு எந்தப் பத்தி பொருத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியுமா?

பதிவு 13. இடைநிலை ஆசிரியை

பாடநூலில் உள்ள பத்தி வேண்டாம், அண்ணாச்சி. பல பிள்ளைகள் அதை மனப்பாடமாகச் சொல்லிவிடும். வாசிப்பதாக நாம் நினைத்துக்கொள்வோம். பிள்ளைகள் முன்பு பார்த்திராத நான்கு வரிகளை நீங்களே பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஆறு, குளம், வயல், ஆடு என்று தெரிந்த சொற்களாக இருக்கட்டும். அவற்றில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் சேர்ந்த எழுத்துகள் ஆறேழாவது வர வேண்டும். படம் வரைய வேண்டாம்.

இன்னொன்று. எல்லோர் முன்னாலும் நிறுத்தி வாசிக்க வைக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே கூப்பிட்டு, அதன் அம்மாவையோ அப்பாவையோ மட்டும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தச் சொல்லில் நின்றது என்பதைப் பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டு, அந்தத் தாளை மாலை வகுப்பு எடுக்கும் பெண்களிடம் கொடுங்கள். மதிப்பெண் போட வேண்டாம்.